மாறியது ஆற்று நீரா, அளந்த கையா? கரைந்த சுவடுத் தனிமங்களின் நீண்டகாலப் போக்குகள்

ஆற்றுப்படுகை (இழையைத் தொடங்கியவர்)

ஒரு கட்டுரைக்காக அமெரிக்க ஆறுகளின் பழைய நீர்த்தரப் பதிவுகளைப் படித்தபோது எழுந்த ஐயத்தை இங்கே வைக்கிறேன். ரிச்சர்ட் ஸ்மித், ரிச்சர்ட் அலெக்சாண்டர், கார்டன் வோல்மன் ஆகிய மூவரும் 1987-இல் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்கப் பேராறுகளில் 300-க்கும் மேற்பட்ட இடங்களில் 1974 முதல் 1981 வரை திரட்டிய பதிவுகளைக் கொண்டு, காரீயம் பரவலாகக் குறைந்திருக்கிறது என்றும், நைட்ரேட், குளோரைடு ஆகியவற்றுடன் ஆர்சனிக்கும் காட்மியமும் பரவலாகக் கூடியிருக்கின்றன என்றும் அதில் சொன்னார்கள். காரீயம் கலந்த பெட்ரோல் குறைந்து வந்த காலம் என்பதால் காரீயத்தின் இறக்கம் எளிதாக விளங்கியது. நிலக்கரி எரிப்பில் வட்டாரத்துக்கு வட்டாரம் ஏற்பட்ட மாற்றமும் ஆற்று நீரில் தெரிகிறது என்று அவர்கள் கருதினார்கள்.

நான்கே ஆண்டுகள் கழித்து, 1991-இல், ஹெர்பர்ட் விண்டமும் உடனாய்வாளர்களும் கிழக்குக் கடற்கரை ஆறுகளில் மிகுந்த தூய்மையோடு மாதிரி எடுத்து அளந்தார்கள். செம்பு, காட்மியம், காரீயம், துத்தநாகம் ஆகியவற்றின் கரைந்த அளவு, முன் சொன்ன ஆய்வு பயன்படுத்திய ‘நாஸ்குவான்’ என்ற தேசிய நீர்த்தரக் கண்காணிப்பு வலையின் பதிவுகளில் இருந்ததைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தது. உலோகப் போக்குகளை மதிப்பிட அந்தப் பதிவுகள் போதாதவை என்று தலைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அதே ஆண்டு அமெரிக்க நிலவியல் ஆய்வகமும் தன் கரைந்த சுவடுத் தனிமப் பதிவுகளில், அதாவது நீரில் மிகச் சிறிய அளவில் இருக்கும் இத்தகைய தனிமங்களின் பதிவுகளில், மாசு கலந்திருப்பதை ஒப்புக்கொண்டு, மாதிரி எடுக்கும் முறையைப் புதிதாக வகுத்து, 1994-இல் வெளியிட்டது.

அப்படியானால் அதற்கு முந்தைய இருபது ஆண்டுப் பதிவுகளை முழுவதுமாகத் தள்ளிவிட வேண்டியதுதானா? தள்ள வேண்டும் என்பதே இப்போதைக்கு என் கருத்து. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நீரியல் மாணவி

மாசு கலந்தது என்றால் எங்கிருந்து கலந்தது என்பதையும் சொல்லுங்கள். ஆய்வகக் கருவி தவறாகக் காட்டியதா, மாதிரி எடுத்தவர்கள் தவறு செய்தார்களா?

வடிதாள்

கோயம்புத்தூரில் ஒரு நீர் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்கு நான் விடை சொல்லலாம் அம்மா. கருவியைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. நீர் ஆற்றிலிருந்து கருவிக்கு வந்து சேரும் வழி நெடுகிலும்தான் திருட்டு, அதுவும் எடுக்கிற திருட்டு அன்று, சேர்க்கிற திருட்டு. நீர் மொள்ளும் கருவியின் உலோகப் பகுதி, ரப்பர்க் குழாய், குப்பியின் மூடி, வடிகட்டும் தாள், மாதிரி கெடாமல் இருக்க விடும் நைட்ரிக் அமிலம், வண்டி கிளப்பிய புழுதி, கையுறையின் பொடி என ஒவ்வொன்றும் தன் பங்கைக் கொடுக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை எந்தக் குப்பியை அளந்தாலும் துத்தநாகம் கூடுதலாகவே வந்தது. இரண்டு வாரம் கருவியைக் கழற்றி மாட்டினோம். கடைசியில், ஆற்று நீரே இல்லாமல் தூய நீரை மட்டும் அதே குப்பிகளில் ஊற்றி, அதே அமிலத்தை விட்டு அளந்தபோது, அந்த ‘வெற்று மாதிரி’யிலும் ஏறத்தாழ அதே துத்தநாகம் இருந்தது. காரணம் புதிதாக வாங்கிய கையுறைதான். அதற்கு முந்தைய மாதங்களில் வெற்று மாதிரியை யாரும் ஓட்டிப் பார்க்கவில்லை. அந்த மாதங்களின் அறிக்கைகள் யார் யார் கோப்பில் இருக்கின்றனவோ!

ஆற்று நீரில் துத்தநாகமோ காரீயமோ ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே இருப்பது அரிதன்று. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவைத் தேடும்போது, தேடுகிறவனே அதைக் கொண்டுவந்து போட்டுவிட முடியும். இதைக் கண்கூடாகக் காட்டியவர் பூமியின் வயது 455 கோடி ஆண்டு என்று கணித்த கிளேர் பேட்டர்சன். காரீய ஐசோடோப்புகளை அளக்கப் போன அவருக்கு, தம் ஆய்வறையே காரீயத்தால் நிறைந்திருப்பது தெரிந்தது. தூய அறையை அமைத்து அதன் பிறகே அளந்தார். கடல் நீரின் காரீயம் பற்றிய பழைய கணக்குகள் எவ்வளவு மிகையானவை என்பதும் அந்த வழியில்தான் வெளிப்பட்டது.

ஆறுகளுக்கு அந்த ஒழுக்கம் சற்றுப் பிந்தியே வந்தது. ஆலன் ஷில்லரும் எட்வர்டு பாயிலும் 1985-இல் ‘நேச்சர்’ இதழில் ஆறுகளில் கரைந்த துத்தநாகம் பற்றி எழுதியபோது, அதுவரை எண்ணியிருந்ததைவிட அது வெகு குறைவு என்றும், நீரின் அமிலத்தன்மைக்கு ஏற்ப அது துகள்களில் ஒட்டியும் விலகியும் நடந்துகொள்கிறது என்றும் காட்டினார்கள். பின்னாளில் ‘சுத்தக் கை, அழுக்குக் கை’ என்ற முறை வழக்கத்துக்கு வந்தது. மாதிரி எடுக்க இருவர் போவார்கள். ஒருவர் குப்பியை மட்டும் தொடுவார், வேறு எதையும் தொடமாட்டார். மற்ற எல்லா வேலையும் அடுத்தவருடையது. கேட்டால் மடி ஆசாரம்போலத் தோன்றும், ஆனால் இங்கே அதற்கு அளந்து காட்டக்கூடிய காரணம் இருக்கிறது.

எண்கணியன்

இழையைத் தொடங்கியவரின் முடிவை நான் ஏற்கவில்லை. புள்ளியியல் படித்தவன் என்பதால் ஓர் அடிப்படைக் கேள்வி கேட்கிறேன். ஒவ்வொரு மாதிரியிலும் ஐந்து மைக்ரோகிராம் மாசு கலந்தது என்று வைத்துக்கொள்வோம். கோடு முழுவதும் ஐந்து படி மேலே ஏறும். அதன் சரிவு மாறாது. ஆறு உண்மையில் குறைந்து வந்திருந்தால், ஏறிய கோடும் குறைந்தே வரும். நமக்கு வேண்டியது போக்கு என்றால், நிலையான பிழை எப்படிக் கேடாகும்?

மேலும், 1982-இல் ராபர்ட் ஹிர்ஷும் உடனாய்வாளர்களும் வகுத்த பருவக் கெண்டால் சோதனை, சனவரியைச் சனவரியோடும் சூலையைச் சூலையோடும் மட்டுமே ஒப்பிடுகிறது. பின்னது முன்னதைவிடப் பெரிதா சிறிதா என்பதைத்தான் எண்ணும். எவ்வளவு பெரிது என்பதைப் பொருட்படுத்தாது. ஆகவே எங்கோ ஒரு குப்பியில் விழுந்த புழுதி அதைக் கவிழ்த்துவிடாது.

காரீயத்தையே பாருங்கள். மாசு கலந்த பதிவு என்று நீங்கள் தள்ளும் அதே நாஸ்குவானில் காரீயம் குறைந்தது. அதற்குத் தொடர்பே இல்லாத வழியில், ஜான் டிரஃப்ரியும் உடனாய்வாளர்களும், மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவுக்குக் கொண்டுசெல்லும் மாசுக் காரீயம் பத்தாண்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது என்று 1985-இல் எழுதினார்கள். பழைய பதிவு சரியாகச் சொன்ன ஒன்றையும் சேர்த்துத் தள்ளுவது நியாயமா?

வடிதாள்

மாசு நிலையாக இருந்தால் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, ஐயா. ஆனால் இருபது ஆண்டில் குப்பி மாறுகிறது, கையுறை மாறுகிறது, அமிலம் வாங்கும் கடை மாறுகிறது, மாதிரி எடுக்கும் ஆள் ஓய்வு பெற்றுப் போகிறார். மாசு ஐந்து என்று நிற்காது. இந்த ஆண்டு எட்டு, அடுத்த ஆண்டு மூன்று என்று போகும். ஆற்றில் உள்ளது அரை மைக்ரோகிராம் என்றால், உங்கள் சோதனை கண்டுபிடித்துத் தருவது கையுறை வணிகத்தின் நீண்டகாலப் போக்கை.

காரீயத்துக்கும் இது பொருந்தும் என்பதுதான் வேடிக்கை. பெட்ரோலில் காரீயம் குறைந்தபோது ஆறு மட்டுமா தூய்மையானது? சாலைப் புழுதியும், மாதிரி எடுக்கப் போன வண்டியின் புகையும், ஆய்வறைக் காற்றும் சேர்ந்தே தூய்மையாயின. ஆகவே ஆற்றில் எதுவும் மாறாமல் இருந்திருந்தாலும் குப்பியில் காரீயம் குறைந்தே இருக்கும். டிரஃப்ரி அளந்தது வேறு வகை: மிசிசிப்பியின் காரீயத்தில் பெரும்பகுதி வண்டல் துகள்களோடு ஒட்டிப் போவது. வண்டலில் காரீயம் செறிவாக இருப்பதால் கைமாசு அதை எளிதில் கெடுக்காது. அவர் முடிவை நான் நம்புகிறேன். நாஸ்குவானின் கரைந்த காரீயக் கோடு அதே திசையில் சாய்ந்தது என்பதற்காக மட்டும் அந்தக் கோட்டை நம்பமாட்டேன்.

எண்கணியன்

வண்டியின் புகை பற்றிய அந்த வாதம் எனக்குத் தோன்றாதது, ஏற்றுக்கொள்கிறேன். அத்தோடு என் தரப்புக்கு எதிரான ஒன்றை நானே சேர்க்கிறேன், ஏனெனில் நான் பார்த்த பல மாணவர் ஆய்வேடுகளில் இந்தப் பிழை இருக்கிறது. பழைய கருவியின் கண்டறியும் எல்லை, அதாவது அது காட்டக்கூடிய மிகக் குறைந்த அளவு, 10 மைக்ரோகிராம் என்றும், புதிய கருவியின் எல்லை 1 என்றும் வையுங்கள். எல்லைக்குக் கீழே வந்தவற்றுக்கு எல்லையில் பாதியை நிரப்புவது பலருடைய வழக்கம். பழைய ஆண்டுகளுக்கு 5 என்றும் புதிய ஆண்டுகளுக்கு 0.5 என்றும் நிரம்பும். ஆற்றில் ஒரு துளியும் மாறாமல் பத்தில் ஒன்றாகக் குறைந்த அழகான கோடு கிடைத்துவிடும். அதற்குக் காரணமாக ஒரு சட்டத்தையோ ஓர் ஆலையின் மூடலையோ தேடிப் பிடிப்பதும் கடினமன்று. ஒப்பிட வேண்டுமானால் எல்லாத் தரவையும் பெரிய எல்லையான 10-க்கே உயர்த்திவிட்டு ஒப்பிட வேண்டும். பெரும்பாலும் அப்போது சொல்வதற்கு எதுவுமே மிஞ்சாது.

நீரியல் மாணவி

எனக்கு இன்னும் ஓர் ஐயம். ‘கரைந்த’ என்ற சொல்லையே எப்படி எடுத்துக்கொள்வது? 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிகட்டியைத் தாண்டிவிட்டால் கரைந்தது, தாண்டாவிட்டால் துகள் என்று பாடத்தில் படித்தோம். ஆனால் அந்தத் துளையைவிடச் சிறிய கூழ்மத் துகள்களும் தாண்டிவிடுமே?

வடிதாள்

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். ஆம், தாண்டும். உப்புக் கரைவதுபோலக் கரையாத இரும்பும் அலுமினியமும் நுண்ணிய கூழ்மமாக அந்தத் துளை வழியே போய், ‘கரைந்த இரும்பு’ என்ற பெயரில் அறிக்கையில் உட்கார்ந்துகொள்ளும். அதைவிடத் தொல்லை என்னவென்றால், கலங்கல் நீரை வடிகட்டும்போது தாளில் சேறு படியப் படியத் துளை சுருங்கிக்கொண்டே போகிறது. முதல் நூறு மில்லியில் தாண்டிய கூழ்மம் அடுத்த நூறு மில்லியில் தாண்டாது. ஆர்தர் ஹொரோவிட்ஸ் 1990களில் இதை முறையாகச் சோதித்தார். ஒரே ஆற்று நீர், ஒரே துளையளவு, ஆனால் வடிகட்டியின் பரப்பும் ஊற்றிய நீரின் அளவும் மாறினால் இரும்பு, அலுமினியம் போன்றவற்றின் எண்களும் மாறின. அதனால்தான் 1994 நெறிமுறையில் 600 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள வடிகட்டி உறையை எல்லோரும் ஒரே மாதிரி பயன்படுத்த வேண்டும் என்று வைத்தார்கள். சிறிய வட்டத் தாளிலிருந்து பெரிய உறைக்கு மாறிய அந்த ஆண்டில் உங்கள் கோட்டில் ஒரு படிக்கட்டு தெரிந்தால், அது ஆற்றின் படிக்கட்டு அன்று.

ஆற்றுப்படுகை

நேரத்தைப் பற்றியும் இங்கே சேர்க்க வேண்டும். டேவிட் நிமிக்கும் உடனாய்வாளர்களும் மோண்டானா, ஐடஹோ மாநிலங்களில் பழைய சுரங்கப் பகுதிகளைத் தொட்டு வரும் 14 ஓடைகளை இரவு பகலாகத் தொடர்ந்து அளந்து 2003-இல் வெளியிட்டார்கள். சில இடங்களில் கரைந்த துத்தநாகம் பிற்பகலில் மிகக் குறைந்து, விடியலுக்குச் சற்று முன் அதைவிட 500 விழுக்காடு வரை கூடியது. மாங்கனீசு 306 விழுக்காடு வரை. ஆர்சனிக்கோ நேர்மாறாகப் பிற்பகலில் கூடி, இரவில் குறைந்தது. பகலில் பாசிகளின் ஒளிச்சேர்க்கையால் நீரின் காரத்தன்மை ஏறுகிறது, வெப்பமும் ஏறுகிறது. அப்போது துத்தநாகம் போன்றவை பாறைப் பூச்சிலும் பாசியிலும் ஒட்டிக்கொள்கின்றன, இரவில் விடுபடுகின்றன.

மாதிரி எடுப்பவர் முன்பு காலை ஏழு மணிக்கு வந்தார், இப்போது அலுவலக வண்டி கிடைக்கும் மதியம் இரண்டு மணிக்கு வருகிறார் என்றால், ஓடை சீரடைந்துவிட்டது என்று அறிக்கை எழுதிவிடலாம். ஆண்டு முழுவதற்கும் இதே கதைதான். மிசிசிப்பியின் கீழ்ப்பகுதியில் மாதந்தோறும் அளந்த ஷில்லர், பல தனிமங்கள் வலுவான பருவச் சுழற்சியைக் காட்டுகின்றன என்று 1997-இல் எழுதினார். ஆண்டுக்கு இரண்டு மூன்று குப்பி எடுத்து அந்தச் சுழற்சிக்கு மேலாகப் போக்கைக் காண்பது அரிது.

ரைன்கரைத் தமிழன்

கொலோன் நகரிலிருந்து எழுதுகிறேன். நான் வேதியியல் படித்தவன் அல்லன். ஆனால் இங்கே ரைன் ஆற்றைப் பற்றிப் பேசாதவர் இல்லை என்பதால் கொஞ்சம் படித்திருக்கிறேன். உங்கள் உரையாடலைப் படித்தால் பழைய பதிவு இல்லாமல் எந்த மாற்றத்தையும் நிறுவ முடியாது போலத் தோன்றுகிறது. எங்கள் ஆற்றில் அதற்கு ஒரு விலக்கு இருக்கிறது.

மைக்கேல் பாவ், பீட்டர் டுல்ஸ்கி ஆகிய இருவரும் 1996-இல் ஜெர்மனி ஆறுகளில் கடோலினியம் இயற்கைக்கு மீறி இருப்பதைக் கண்டார்கள். எம்ஆர்ஐ படம் எடுக்கும்போது நோயாளிக்குச் செலுத்தும் மருந்தில் கடோலினியம் இருக்கிறது. 1988 முதல் அது புழக்கத்தில் உள்ளது. உடலில் தங்கித் தீங்கு செய்யாமல் இருக்க அதை ஒரு கரிமச் சேர்மத்தின் பிடியில் இறுக்கி வைக்கிறார்கள். அந்தப் பிடி அவ்வளவு உறுதியானது என்பதால், சிறுநீரில் வெளியேறிய பிறகு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றில்கூட ஒட்டாமல் நேரே ஆற்றுக்கு வந்துவிடுகிறது.

எனக்குப் பிடித்தது அவர்கள் அதைக் கண்ட முறை. 1980-இல் ரைனில் எவ்வளவு கடோலினியம் இருந்தது என்ற பதிவு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. கடோலினியமும் அடங்கிய அரிமண் தனிமங்கள் பதினைந்து பேர் கொண்ட கூட்டுக் குடும்பம்போல, இயற்கையில் ஒன்றாகவே நடப்பவை. நீரில் உள்ள ஒவ்வொன்றின் அளவையும் களிப்பாறையில் உள்ள அதன் அளவால் வகுத்து வரைந்தால் ஒழுங்கான கோடாக வரும். கடோலினியம் எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதை அதன் அண்டைத் தனிமங்களே சொல்லிவிடுகின்றன. கோட்டில் அது மட்டும் முள்போல எழுந்து நின்றால், எழுந்த அளவு மருத்துவமனையிலிருந்து வந்தது. கையுறையோ புழுதியோ கடோலினியத்தை மட்டும் தனியாகக் கூட்டிவிட முடியாது.

இதே முறையில் 2011-இல் ரைனில் லாந்தனம் கூடியிருப்பதைக் கண்டு, வோர்ம்ஸ் நகருக்கு அருகே எண்ணெய்ச் சுத்திகரிப்புக்கான வினையூக்கி செய்யும் ஓர் ஆலையின் கழிவுநீர் வரை தடம் பிடித்தார்கள். பின்பு சமாரியமும் சேர்ந்தது. 1986 நவம்பர் 1-இல் பாசல் அருகே இரசாயனக் கிடங்கு எரிந்து ஆறு சிவந்ததற்குப் பிறகு, 1987-இல் தொடங்கிய செயல்திட்டத்தால் ரைனில் பழைய உலோகங்கள் வெகுவாகக் குறைந்தன என்பதை நாங்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அப்போது யாரும் அளந்து பார்க்காத தனிமங்கள் இப்போது கூடியிருக்கின்றன.

எண்கணியன்

அருமையான எடுத்துக்காட்டு. மாதிரிக்குள்ளேயே ஒப்பீட்டு அளவை வைத்துக்கொள்வது, காலத்தோடு ஒப்பிடுவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் காட்மியத்துக்கும் துத்தநாகத்துக்கும் அப்படிப்பட்ட ஒழுங்கான குடும்பம் இல்லையே. அங்கே காலத்தொடரை விட்டால் வழியில்லை. ஆகவே என் கேள்வி நிற்கிறது: நம்பத்தக்க பழைய காலத்தொடர் எதுவுமே கிடையாதா?

ஆற்றுப்படுகை

கிடைத்தது. அதனாலேயே தொடக்க இடுகையில் நான் எழுதிய முடிவைத் திருத்திக்கொள்கிறேன். கொலராடோ மாநிலத்தின் மலையுச்சியில் தொடங்கும் ஸ்னேக் ஆற்றின் மேற்பகுதி, கந்தகத் தாதுக்கள் நிறைந்த பாறை வழியே வருவதால் இயல்பாகவே அமிலமும் உலோகமும் மிகுந்தது. அங்கே சேர்ந்த முப்பது ஆண்டுப் பதிவுகளை ஆண்ட்ரூ டாடும் உடனாய்வாளர்களும் 2012-இல் ஆராய்ந்தார்கள். நீரோட்டம் குறைந்த மாதங்களில், அதாவது உலோகச் செறிவு உச்சத்தில் இருக்கும் மாதங்களில், துத்தநாகமும் பிற உலோகங்களும் 100 முதல் 400 விழுக்காடு வரை கூடியிருந்தன. லிட்டருக்கு 400 முதல் 2000 மைக்ரோகிராம் வரையிலான ஏற்றம் அது. இடைப்பட்ட காலத்தில் அந்த நீர்ப்பிடிப்பில் நிலத்தைக் குலைக்கும் வேலை எதுவும் நடக்கவில்லை. அப்பகுதியின் காற்று வெப்பம் 1980கள் தொட்டு பத்தாண்டுக்கு 0.2 முதல் 1.2 பாகை செல்சியஸ் வரை ஏறி வந்திருந்தது. நிலத்தடி நீர்மட்டம் தாழ்வதாலும் உறைந்திருந்த நிலம் இளகுவதாலும், அதுவரை காற்றுப் படாத பைரைட்டு போன்ற கந்தகத் தாதுக்கள் காற்றையும் நீரையும் சந்தித்துக் கந்தக அமிலமாகி, துத்தநாகத்தையும் கரைத்துக்கொண்டு வருகின்றன என்பது விளக்கம். சல்பேட்டும் உடன் கூடியிருப்பது அதற்குத் துணை நிற்கிறது. சல்பேட்டைக் கையுறை கொடுக்காது.

இங்கே கைமாசு பத்து மைக்ரோகிராம் கலந்திருந்தால்தான் என்ன? ஆயிரத்தில் பத்து.

நீரியல் மாணவி

அலாஸ்காவின் புரூக்ஸ் மலைத்தொடரில் ஆறுகள் ஆரஞ்சு நிறமாக மாறியதும் இதே வகையா?

ஆற்றுப்படுகை

ஏறத்தாழ அதேதான். 2024-இல் வெளிவந்த ஆய்வு 75 ஓடைகளைப் பதிவு செய்தது. நிரந்தர உறைநிலம் இளகுவதால் வெளிப்படும் தாதுக்களிலிருந்து இரும்பும், சில இடங்களில் துத்தநாகம், நிக்கல், காட்மியம் போன்றவையும் வருகின்றன. அங்கே நீண்ட நீர்ப்பதிவு கிடையாது. ஆனால் செயற்கைக்கோள் படத்திலேயே நிறம் மாறிய ஆண்டைப் பார்க்க முடிகிறது.

எண்கணியன்

அப்படியானால் நாம் சண்டையிட்டது தவறான கேள்விக்காக. பழையதா புதியதா என்று பிரிப்பதைவிட, ஆற்றில் உள்ள அளவு கைமாசைப்போல எத்தனை மடங்கு என்று பார்த்துப் பிரிப்பதே பொருத்தம். அதே நாஸ்குவானின் நைட்ரேட்டும் குளோரைடும் லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் இருப்பவை. அவற்றின் ஏற்றத்தை நான் ஐயுறவில்லை. அந்த 1987 கட்டுரையின் காட்மிய ஏற்றத்தை இனி மேற்கோள் காட்டமாட்டேன்.

வடிதாள்

ஆர்சனிக்கை மட்டும் காட்மியத்தோடு ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். விண்டம் குறை கண்ட நான்கு உலோகங்களில் ஆர்சனிக் இல்லை. ரப்பரிலும் கையுறையிலும் துத்தநாகம் இருப்பதுபோல ஆர்சனிக் இருப்பதில்லை. அதன் ஏற்றம் உண்மையாகவும் இருக்கலாம்.

ஆற்றுப்படுகை

நன்றி ஐயா. கட்டுரையின் வரைபடங்களை இப்படி மாற்றுகிறேன். மிசிசிப்பியின் காட்மியமும் துத்தநாகமும் 1994-க்குப் பிறகே தொடங்கும்; முந்தைய புள்ளிகளை நீக்கிவிடாமல் வெளிறிய நிறத்தில், கோட்டால் இணைக்காமல் விடுவேன். காரீயத்துக்கு வண்டல் தரவை மட்டும் எடுத்துக்கொள்வேன். ஸ்னேக் ஆற்றின் கோடு முப்பது ஆண்டும் முழுதாக வரும். ஒவ்வொரு வரைபடத்தின் கீழும் வடிகட்டியின் வகையும், மாதிரி எடுத்த மணியும், வெற்று மாதிரியின் அளவும் இருக்கும். மணி பதிவாகாத மாதிரிகள் நிறைய இருக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்று எண்கணியன் சொன்னால் நன்று.

எண்கணியன்

அவற்றின் பட்டியலை அனுப்புங்கள். களக் குறிப்பேட்டில் நீரின் வெப்பநிலை எழுதியிருந்தால் காலையா பிற்பகலா என்பதை ஓரளவு ஊகிக்கலாம்.